ஒரு தாலந்துக்காரன்

கிறிஸ்தவ ஆலயங்களில் அடிக்கடி பிரசங்கிக்கப்படும் உவமை ஒன்று மத்தேயு சுவிசேஷத்தின் 25ஆம் அதிகாரத்தில் உள்ளது. நம் சங்கத்து நேயர்களுள் பிற சமயத்தாரும் பலர் ஆதலால், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூரதேசத்துக்குப் புறப்பட்ட எஜமான் ஒருவன் தன் ஊழியக்காரர் மூவரை அழைத்து, அவரவர் திறமைக்குத் தக்கவாறு ஒருவனுக்கு ஐந்து தாலந்தும், மற்றொருவனுக்கு இரண்டும், மூன்றாமவனுக்கு ஒன்றும் ஒப்புவித்துச் செல்கிறான். முதல் இருவரும் வியாபாரம் செய்து பணத்தை இரட்டிப்பாக்குகிறார்கள். மூன்றாமவனோ நிலத்தைத் தோண்டிப் புதைத்து வைக்கிறான். வெகுகாலம் சென்று திரும்பிவந்த எஜமான் கணக்குக் கேட்கிறான். புதைத்தவன் கையிலிருந்த ஒன்றையும் இழந்து வெளியே தள்ளப்படுகிறான்.

சிறு வயது முதலே அந்த மூன்றாமவன்மீது எனக்கு ஓர் இரக்கம் உண்டு. அவன் திருடவில்லை, சூதாடவில்லை, பெற்றதைக் காசு குறையாமல் திருப்பிக் கொடுத்தான். அலுவலகங்களில் இப்படிப்பட்டவனுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் அல்லவா கொடுப்பார்கள்? மேலும், அவனுக்குக் கிடைத்ததோ ஒன்றே ஒன்று. ஐந்து பெற்றவன் துணிந்து வியாபாரம் செய்வான். ஒன்று பெற்றவன் பயப்படத்தானே செய்வான் என்று அவனுக்காக மனத்துக்குள் வழக்காடியிருக்கிறேன்.

ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் அந்த வழக்கு ஆட்டங்கண்டது. தாலந்து என்பது ஒரு நாணயமன்று; வெள்ளியின் எடை. ஒரு தாலந்துக்கு ஏறக்குறைய 6000 வெள்ளிக்காசு என்பது அக்காலத்துக் கணக்கு. அதே சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தில், திராட்சத்தோட்டக் கூலியாளுக்கு நாள் ஒன்றுக்கு அப்படிப்பட்ட காசு ஒன்று கூலியாகப் பேசப்படுகிறது. ஆகவே ஒரு தாலந்து 6000 நாட்கூலி. ஓய்வுநாட்களைக் கழித்து ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், இருபது ஆண்டுக் கூலி. நான் ரயில்வேயில் சேர்ந்த நாள் முதல் இன்றுவரை வாங்கிய சம்பளம் முழுவதையும் கூட்டினாலும் அவ்வளவு வராது. ‘ஒன்றே ஒன்று’ என்று நான் இரங்கியவன் உண்மையில் பெருஞ்செல்வத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தவன். அடுத்தவனுடைய ஐந்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தன்னுடைய ஒன்றின் எடை அவனுக்குத் தெரியாமற்போயிற்று என்றே நினைக்கிறேன்.

என் வேலை பார்சல் அலுவலகத்தில். எங்களிடம் வந்து சேரும் மூட்டை எதுவும் எங்களுடையதன்று. யாரோ அனுப்புகிறார்; யாரோ பெறவேண்டும்; நடுவில் நாங்கள் வைத்திருக்கிறோம். இதில் ஒரு விதி உண்டு. குறித்த நேரத்துக்குள் பார்சல் எடுக்கப்படாவிட்டால் அதன்மேல் வார்ஃபேஜ் என்ற கட்டணம் ஏறத் தொடங்கும். மூட்டை கெடாமல், கட்டுப் பிரியாமல், எலி கடிக்காமல் பத்திரமாக இருந்தாலும் கட்டணம் ஏறும். சரக்கு கிடப்பதே குற்றம் என்பது அந்த விதியின் உட்பொருள். இத்தனை ஆண்டுகளாக இந்தக் கட்டணத்தைப் பிறரிடம் வசூலித்த நான், என் கணக்கிலும் ஒன்று ஏறிக்கொண்டிருப்பதை அறியாதிருந்தேன்.

நான் ஜீவனஹள்ளியில் வளர்ந்தவன். காக்ஸ் டவுனையும் கிழக்கு ரயில் நிலையத்தையும் அண்டிய எங்கள் தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் மிகுதி. வீட்டில் தமிழ், ஆலயத்தில் தமிழ், பள்ளியில் கன்னடம் என்று என் பிள்ளைப்பருவம் கழிந்தது. எங்களுக்குக் கன்னடம் கற்பித்த ஆசிரியர், தமிழ்ப் பிள்ளைகளான நாங்கள் நாலைந்து பேர் எழுத்துப்பிழை செய்வதைக் கண்டு, பள்ளி விட்ட பிறகும் எங்களை இருக்கவைத்துத் திருத்துவார். அதற்காக ஒரு காசும் வாங்கியதில்லை. அவர் புண்ணியத்தில் மெட்ரிகுலேஷன் தேறினேன். தமிழும் கன்னடமும் ஒன்றுபோல எழுதப் படிக்க வந்தது. ஆனால் அதை ஓர் ஈவு என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. பாடுகிறவர்களைக் கண்டால், தேவன் அவர்களுக்குக் குரல் கொடுத்திருக்கிறார் என்பேன். பிரசங்கிக்கிறவர்களைக் கண்டால் நாவன்மை கொடுத்திருக்கிறார் என்பேன். எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்பது என் முடிவு. மூச்சு விடுவதுபோல எளிதாக வருவது எதுவும் வரமாகத் தோன்றுவதில்லையே!

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை மாலை. இரவுப் பணி முடிந்து பகலில் தூக்கமும் சரியாக இல்லாமல் எரிச்சலோடு இருந்தேன். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் ஓர் அம்மாள், கையில் ஒரு காகிதத்துடன் வாசலில் நின்றார். “அண்ணா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன். பொண்ணு ஹாஸ்டல் விஷயம்” என்றார். பத்தாவது தேறிய மகளுக்கு மேற்படிப்புக்காக ஒரு விடுதியில் இடம் கேட்கும் அர்ஜி அது. அந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் அவர் ஐந்தாமவரோ ஆறாமவரோ. நான் என்ன சம்பளத்துக்கா உட்கார்ந்திருக்கிறேன் என்ற எண்ணம் எழுந்தது. காகிதத்தைக் கையில் வாங்காமலே, “ஞாயிற்றுக்கிழமை வாங்கம்மா, பார்க்கலாம்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை, நான் ஆராதனை முடிந்து வீடு திரும்பும் வேளையில் அவர் வாசலிலே காத்திருந்தார். காகிதத்தை விரித்தேன். தலைப்புக்குக் கீழே தடித்த எழுத்தில் ‘கொனெய தினாங்க’ என்று அச்சிட்டு, கடைசி நாள் குறிக்கப்பட்டிருந்தது. அது முந்தின நாள், சனிக்கிழமை.

அந்த அம்மாள் கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாயிருக்கும். “பரவாயில்லைங்கண்ணா, எங்க தலையெழுத்து” என்று சொல்லிக் காகிதத்தை மடித்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். தலையெழுத்தன்று, அதை வாசிக்கத் தெரிந்தவன் வாசிக்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெண் ஓராண்டு வீட்டிலிருந்து ஊதுவத்தி உருட்டினாள். நான் வேலைக்குப் போகும்போது அவள் பலகையின் முன் குனிந்திருப்பதைத் தினமும் பார்ப்பேன். தெருவின் மறுபக்கமாகச் சுற்றிப் போகத் தொடங்கினேன் என்பதையும் மறைக்காமல் எழுதவேண்டும்.

அந்த நாட்களில்தான் எங்கள் சபையின் மூப்பர் ஒருவர் பேராயர் அசரியாவின் சரித்திரத்தை எனக்குப் படிக்கக் கொடுத்தார். தோர்ணக்கல் என்ற பெயர் ரயில்வேக்காரனுக்குப் புதிதன்று. விஜயவாடாவிலிருந்து வாரங்கல் செல்லும் மார்க்கத்தில், நிலக்கரி வயல்களை நோக்கிக் கிளை பிரியும் சந்திப்பு. அந்தப் பெயரோடு தமிழர் ஒருவரின் பெயரும் பிணைந்திருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் பட்டம் பெறாமலே வெளியேறியவர். (பிற்காலத்தில், 1920இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது, மெட்ரிகுலேட்டாகிய எனக்கு இச்செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி.) வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் காரியதரிசியாக ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்த அவர், 1902இல் யாழ்ப்பாணத்துக்குப் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தைச் சேர்த்து, கடல்கடந்து இராமநாதபுரக் கரையிலுள்ள தொண்டியில் ஊழியம் நடத்துவதைக் கண்டார். அது அவரை வெட்கப்படுத்தியது. பாளையங்கோட்டையில் 1780இல் நாற்பது பேரோடு தொடங்கிய திருநெல்வேலித் திருச்சபை, நூறாண்டுக்கு மேலாகப் பள்ளியும் மருத்துவமும் வேதமும் வெளிநாட்டார் கையிலிருந்து பெற்று வளர்ந்திருந்தது. பெற்றுக்கொள்ளவே பழகிய சபைக்குத் தானும் கொடுக்கவேண்டியது ஒன்றுண்டு என்ற நினைவு போதிய அளவு எழவில்லை. ஊர் திரும்பிய அசரியாவும் அவருடைய நண்பர்களும் 1903 பிப்ரவரி 12ஆம் நாள் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். தங்களுக்குப் பழக்கமில்லாத தெலுங்கு நாட்டைத் தங்கள் ஊழியக்களமாகத் தேர்ந்தார்கள்.

பிறரை அனுப்பிவிட்டுத் தாம் ஊரில் இருக்க அசரியாவின் மனம் ஒப்பவில்லை. 1909இல், ஏறக்குறைய என் வயதில், குடும்பத்தோடு தோர்ணக்கல்லுக்குக் குடிபெயர்ந்தார். மனைவியார் அன்பு மாரியம்மாள் கல்லூரிவரை படித்தவர். அவரும் அந்த ஊழியத்தில் இறுதிவரை தோள்கொடுத்தார். அசரியா தெலுங்கைப் படித்து, அம்மொழியிலே போதித்து, மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சென்றார். 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அவருடைய அத்தியட்சாதீனத்தில் கிறிஸ்தவர் தொகை 1941க்குள் இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. 1945 ஜனவரி முதல் நாள் தோர்ணக்கல்லிலேயே காலமானார்.

இந்த வரலாற்றில் என்னைத் தடுத்து நிறுத்திய செய்தி தொகைகளல்ல. அங்கே சபையில் சேர்ந்தவர்களுள் பெரும்பாலோர் மாலா, மாதிகா வகுப்பைச் சேர்ந்த பரம ஏழைகள். பிறர் நிலத்தில் கூலிவேலை செய்தவர்கள். அவர்களிடமும் அசரியா காணிக்கை கேட்டார். தானியம் கொண்டுவந்தார்கள், கோழி கொண்டுவந்தார்கள். கிறிஸ்தவனின் கொடையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். இல்லாதவனிடம் கேட்பது கொடுமையல்லவா என்று முதலில் எனக்கும் தோன்றிற்று. சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்த என் தாயாரை நினைத்துப் பார்த்த பிறகே விளங்கிற்று. எங்கள் வீட்டில் அரிசி போதாத மாதங்கள் உண்டு. கைப்பிடி அரிசி நின்ற மாதம் இல்லை. அந்தக் கைப்பிடியை எடுக்கும் நேரத்தில் என் தாயார் ஏழையாக இருந்ததில்லை. ஒருவனிடம் ஒன்றும் கேட்காதிருப்பது, உன்னிடம் ஒன்றும் இல்லை என்று அவனிடம் சொல்வதாகும். அந்தக் கூலியாட்களின் கையிலும் தாலந்து உண்டென்று அசரியா நம்பினார், ஆகையால் கேட்டார். அந்த வியாழக்கிழமை என் வாசலில் நின்ற அம்மாளும் அப்படித்தான் என்னிடம் கேட்டார். என்னிடம் இருந்ததை எனக்கு முன்னே கண்டவர் அவர்.

அதன்பின் ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிமுதல் அர்ஜி எழுதித் தருவது என்று வைத்துக்கொண்டேன். வாசற்படிக்கு உள்ளே ஒரு மேசை, வெளியே வரிசை. ரேஷன் அட்டை, பள்ளிச் சேர்க்கை, ஆஸ்பத்திரிச் சீட்டு, விதவைப் பென்ஷன் எல்லாம் வரும். மூன்று மாதம் ஒழுங்காக நடந்தது. என்னைப் பற்றி எனக்கே ஒரு பெருமிதமும் உண்டாயிற்று. ஒருநாள் என் மனைவி, “வீட்டிலேயும் பார்சல் ஆபீஸ் மாதிரியே உட்கார்ந்திருக்கீங்களே, உள்ளே வான்னு ஒருத்தரையாவது சொன்னீங்களா?” என்று கேட்டாள்.

பதில் சொல்ல வாய் வரவில்லை. 1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா பேசிய பேச்சைப் பற்றி அப்போதுதான் படித்திருந்தேன். வெளிநாட்டு மிஷனெரிமாரின் தியாகங்களை மனமாரப் போற்றிய பிறகு, அவர்கள் இந்தியரை நண்பராக ஏற்று உறவாடத் தவறியதை அவர்கள் முன்னிலையிலேயே எடுத்துச்சொல்லி, எங்களுக்கு வேண்டியது நட்பு என்று வேண்டினாராம். மாநாட்டில் பலருக்கு அது கசந்தது. படித்தபோது அவர் யாருக்கோ சொன்னதாக எண்ணி மகிழ்ந்தேன். என் மனைவி கேட்டபோது எனக்குச் சொன்னதாயிற்று. ஈவைக் கொடுத்துக்கொண்டே ஈவைப் புதைக்கவும் முடியும் போலும்.

மேசையை எடுத்துவிட்டோம். கூடத்தில் பாய் விரித்திருக்கிறோம். மாலைத் தேநீருக்குப் பால் அரை லிட்டர் அதிகமாகிறது என்ற கணக்கு என் மனைவியுடையது. அந்தத் திருவண்ணாமலை அம்மாளின் மகள் மறு ஆண்டு விண்ணப்பித்து விடுதியில் இடம் பெற்றாள். ஓராண்டு போனது போனதுதான். அதை அவளுக்கு யாரும் திருப்பித் தர இயலாது. விடுமுறையில் வரும்போது அவளும் வந்து உட்காருகிறாள். அவளுடைய கன்னடக் கையெழுத்து என்னுடையதைவிட அழகு. பெரியவர்கள் சிலருக்குக் கையொப்பமிடவும், பஸ்ஸின் பெயர்ப்பலகை படிக்கவும் அவளே கற்றுக்கொடுத்திருக்கிறாள். அவர்கள் அவளை ‘டீச்சர்’ என்று அழைக்கிறார்கள்.

சென்ற ஞாயிறு தருமபுரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் முதியோர் பென்ஷனுக்காக வந்தார். ஆதார் அட்டையில் ஒரு வயதும், ரேஷன் அட்டையில் வேறொரு வயதும் இருக்கின்றன. பிறப்புச் சான்று இல்லை. பள்ளிக்குப் போனதும் இல்லை. தாம் பிறந்தது ஒரு பெரும் புயல்மழை பெய்த ஆண்டு என்று மட்டும் அவருக்கு நினைவு. அது எந்த ஆண்டு என்று அவருடைய ஊர்க்காரர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.