ஐந்து பேர் வாழும் ஊர்

சென்ட்ராலியாவில் தெருக்கள் இருக்கின்றன. வீடுகள்தான் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கரி மலைகளுக்கு நடுவே கிடக்கும் இந்த ஊரில் தெருக்கள் ஒழுங்காக நேர்கோட்டில் ஓடுகின்றன, ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. இரு பக்கமும் புதர். மிஞ்சிய சில வீடுகளும் விநோதமாகவே காட்சி தந்தன: ஒல்லியாக, உயரமாக, பக்கச் சுவர்களில் வரிசையாகச் செங்கல் முட்டுகளோடு. ஒரு காலத்தில் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள் அவை. பக்கத்து வீட்டை இடித்துவிட்டதால், நிற்கிற வீடு சாயாமலிருக்க முட்டு கொடுக்க வேண்டியிருந்தது. அண்டை வீட்டுக்காரர் இருந்த இடத்தில் இப்போது செங்கல்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே வசித்தவர்கள் 5 பேர். நம்மூரில் இதைக் குக்கிராமம் என்றுகூடச் சொல்லமாட்டார்கள். ஆனால் சட்டப்படி சென்ட்ராலியா ஒரு ‘பரோ’. கிட்டத்தட்ட நம் பேரூராட்சி மாதிரி. 1866இல் அந்தத் தகுதி கிடைத்தது. ஊரை உண்டாக்கியது ஆந்த்ரசைட் என்ற உயர்ரக நிலக்கரி. 1890இல் 2,761 பேர் இருந்தார்கள். பிறகு சுரங்கங்கள் மூடப்பட, ஊரும் மெல்ல இளைத்தது. அப்படியும் 1980இல் ஆயிரத்துக்கு மேல் மக்கள்.

இத்தனை பேரையும் விரட்டியது ஒரு குப்பைமேடு. 1962 மே மாதம். போர்களில் உயிர்நீத்த வீரர்களை நினைவுகூரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கரிக் குழியில் ஊர்க் குப்பை நாறியது. விழாவுக்கு முன் அதைக் கொளுத்திவிடலாம் என்று ஊர் மன்றம் தீர்மானித்தது. (நம் நகராட்சிகள் இன்றும் செய்கிற காரியம்தான்.) குழியில் அடைபடாத ஒரு துவாரம் இருந்திருக்கிறது. அதன் வழியாகத் தீ நிலத்தடிச் சுரங்கத்துக்குள் இறங்கியது. பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இதுதான். ஆந்த்ரசைட்டைப் பற்றவைப்பது கஷ்டம். பற்றிக்கொண்டால் அணைப்பது அதைவிடக் கஷ்டம். பள்ளம் தோண்டிப் பார்த்தார்கள், சாம்பலைக் கரைத்து உள்ளே செலுத்திப் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. பல முறை பணம்தான் முதலில் தீர்ந்தது.

காலுக்குக் கீழே நெருப்பு இருப்பது தெரிந்தும் ஊர் தன் பாட்டில் வாழ்ந்தது. 1979இல் பெட்ரோல் பங்க் நடத்திவந்த ஒருவர் - ஊர் மேயரும் அவரே - நிலத்தடித் தொட்டியில் அளவுக் குச்சியை விட்டு எடுத்தார். குச்சி சுட்டது. வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கினார். 172 டிகிரி பாரன்ஹீட், அதாவது சுமார் 78 டிகிரி செல்சியஸ். 1981 பிப்ரவரி 14 அன்று, பாட்டி வீட்டுக் கொல்லையில் நின்றிருந்த 12 வயதுப் பையனின் காலடியில் பூமி பிளந்தது. மரவேர் ஒன்றைப் பிடித்துத் தொங்கியவனை உறவுக்காரப் பையன் இழுத்துக் காப்பாற்றினான். பள்ளத்தின் ஆழம் 150 அடி. அதிலிருந்து வந்த ஆவியில் உயிரைப் பறிக்கும் கார்பன் மோனாக்சைடு.

தலைப்புச் செய்தி ஆகிவிட்டது சென்ட்ராலியா. ஊர் இரண்டாக உடைந்ததும் அப்போதுதான். நெருப்பு ஊர் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. ஒரு தெருவில் நிலவறைக்குள் விஷவாயு நுழைந்தது. இன்னொரு தெருவில் வெறும் செய்தியாகத்தான் வந்து சேர்ந்தது. முன்னவர்கள் பிள்ளைகளின் உயிருக்குப் பயந்து ‘போகலாம்’ என்றார்கள். பின்னவர்களுக்கு அது கலகமாகத் தெரிந்தது. அவரவர் வாசற்படியில் நின்று பார்த்தால் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது.

முழுவதுமாகத் தோண்டித் தீயை நிறுத்த 66 கோடி டாலர் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஊரையே இடம்மாற்றுவது அதைவிட மலிவு. 1983 வாக்கெடுப்பில் 345 பேர் போவதற்கும் 200 பேர் இருப்பதற்கும் ஓட்டுப் போட்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் 4.2 கோடி டாலர் ஒதுக்கியது. ஜார்க்கண்டின் ஜாரியாவில் 1916 முதல் நிலத்தடி நெருப்பு எரிகிறது. அங்கே மக்களை இடம்மாற்றும் பெருந்திட்டத்துக்கு மத்திய அரசின் ஒப்புதல் கிடைத்ததோ 2009இல். இன்னும் ஏராளமான குடும்பங்கள் அந்த நெருப்பின் மேல்தான் குடியிருக்கின்றன.

சென்ட்ராலியாவில் பணம் வந்தது, ஜனம் போனது. தொலைதூரம் ஒன்றும் இல்லை. பலர் பக்கத்து ஊர்களான மவுண்ட் கார்மலிலும் ஆஷ்லண்டிலுமே குடியேறினார்கள். 1990இல் மிஞ்சியது 63 பேர். இவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்வது எளிது. ஆனால் அவர்களிடம் ஒரு வாதம் இருந்தது. ஊருக்கு அடியிலுள்ள ஆந்த்ரசைட் மீதான உரிமையை 1950லேயே பரோ தன் பெயரில் வாங்கியிருந்தது. மக்கள் இல்லாமல் போனால் பரோ இல்லை. பரோ இல்லையேல் கரி யாருக்கு? தீ ஒரு சாக்கு, அரசின் கண் கரி மீதுதான் என்று அவர்கள் சந்தேகப்பட்டார்கள். அதிகாரிகள் மறுத்தார்கள். நீதிமன்றத்திலும் அந்த வாதம் எடுபடவில்லை. சந்தேகத்தில் உண்மை இருந்ததோ இல்லையோ, எஞ்சியவர்களை ஒன்றாக நிறுத்தி வைத்தது அதுதான்.

1992இல் ஆளுநர் பாப் கேசியின் அரசு, பொதுநலனுக்காகத் தனியார் சொத்தை எடுக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தி ஊரிலுள்ள எல்லாக் கட்டடங்களையும் கையகப்படுத்தியது. சொந்த வீட்டிலேயே உரிமையற்ற குடியிருப்பாளர்கள் ஆனார்கள். 2002இல் அஞ்சல் துறை ஊரின் பின்கோடைப் பறித்தது. 2009இல் வெளியேற்றும் நடவடிக்கை முறைப்படி தொடங்கியது. எஞ்சியவர்கள் விடாமல் வழக்காடினார்கள். 2013 அக்டோபரில் சமரசம்: 3,49,500 டாலர் பணம், ஆயுள் உள்ளவரை அங்கேயே வாழும் உரிமை. ஆனால் வீட்டைப் பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. கடைசி மூச்சுக்குப் பின் அது அரசுக்கு. சாகும்வரை இருக்கலாம் என்பது வெற்றிதான். இருபது ஆண்டு வழக்குக்கு அது பெரிதா சிறிதா என்பது பெற்றவர்களைக் கேட்க வேண்டிய கேள்வி.

நூற்றாண்டு விழாவின்போது, 1966இல், ஊர்க்காரர்கள் ஒரு நினைவுப் பேழையைப் புதைத்தார்கள். 2016இல் திறப்பதாக ஏற்பாடு. யாரோ தோண்டியெடுக்க முயன்றதால், முந்திக்கொண்டு 2014லேயே திறந்தார்கள். உள்ளே தண்ணீர் புகுந்து பல பொருட்கள் பாழாகியிருந்தன. சுரங்கத் தொழிலாளியின் தலைக்கவசம், விளக்கு, பைபிள் எல்லாம் இருந்தன. வேடிக்கைக்காக ஊர் ஆண்கள் கையெழுத்திட்ட பெண்களின் உள்ளாடை ஒன்றும்! புதைக்கும்போதே பூமிக்கடியில் நான்கு வருடமாகத் தீ எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அது சிரித்துக்கொண்டிருந்த ஊர்.

மேட்டின் மேல் 1911இல் கட்டிய உக்ரைனியக் கத்தோலிக்கத் தேவாலயம் இன்னும் நிற்கிறது. அதன் அடியில் கரி இல்லை, பாறை. வழிபாட்டுக்கு வருபவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். ஆகஸ்ட் மாத யாத்திரைக்கு நூற்றுக்கணக்கில் வருகிறார்கள். கல்லறைகளில் புல் சீராக வெட்டப்பட்டிருக்கிறது. மற்றபடி வருவது வேடிக்கை பார்க்கும் கூட்டம். புகையைத் தேடிவந்து, பல நாள் ஏமாந்து திரும்புகிறார்கள். வெடித்துக் கைவிடப்பட்ட பழைய 61ஆம் எண் சாலையில் வண்ணப் பூச்சால் பெயர் எழுதுவது அவர்களின் பொழுதுபோக்காக இருந்தது. 2020 ஏப்ரலில் லாரி லாரியாக மண் கொட்டி அதையும் மூடிவிட்டார்கள்.