கிள்ளான் கப்பல் போகும் வழியில் ஒரு பாட்டு

சுபாங் ஜெயாவில் கடல் கிடையாது. அலை பார்க்க வேண்டுமென்றால் சன்வே லகூனுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். அதுவும் இயந்திரம் கிளப்பும் அலை. ஆனால் எங்கள் ஊர் நிலையத்தில் கேடிஎம் கொமுட்டர் ஏறினால், ஷா ஆலம், கிள்ளான் வழியாக முக்கால் மணி நேரம் போல ஓடி, துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் கேஎல் சென்ட்ரலில் ஏறுகிறார்களே, அதே ரயில்தான். கடைசி நிலையத்தில் இறங்கிப் படகுத்துறைப் பக்கம் நடந்தால், பாரந்தூக்கிகளும் கொள்கலன் அடுக்கிய கப்பல்களும் தெரியும்.

அந்தக் கப்பல்களில் மேற்கே போகிறவற்றில் பல, மலாக்கா நீரிணையைத் தாண்டி, இலங்கையின் தென்முனையை ஒட்டிப் போகின்றன. அதே தென்முனைக் கடலில்தான் நீலத் திமிங்கிலங்கள் இரை தேடுகின்றன. நம் ஊர்த் துறைமுகத்துக்கும் உலகின் மிகப் பெரிய உயிரினத்துக்கும் இப்படி ஒரு வழித்துணை இருப்பது, போன ஆண்டு திருகோணமலைக்குப் போய் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கோணேசர் மலைக்குக் கீழே

கோலாலம்பூரிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் சுமார் மூன்றரை மணி நேரம். அங்கிருந்து திருகோணமலைக்குச் சாலை வழியே அரை நாள் பயணம். கோணேசர் கோயில் நிற்கும் பாறை, கடலுக்கு நேரே செங்குத்தாக இறங்குகிறது. இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தால் தண்ணீர் கருநீலமாகத் தெரியும். அந்த நிறத்துக்குக் காரணம் ஆழம். திருகோணமலை விரிகுடாவிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி, வெளிக்கடலுக்கு இறங்கிப் போகிறது. மற்ற இடங்களில் கரையிலிருந்து வெகுதூரம் போனால்தான் கிடைக்கும் ஆழம் இங்கே வாசலிலேயே இருப்பதால், திமிங்கிலங்களும் கரைக்குப் பக்கத்தில் வருகின்றன.

மே மாதக் காலை ஒன்றில் படகேறினேன். வெளிக்கடலுக்கு வந்ததும் படகோட்டி அண்ணன் எஞ்சினை நிறுத்தினார். நான் நாலாபக்கமும் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு சிரித்தார்.

“கண்ணால தேடாதீங்க தங்கச்சி. முதல்ல காதைக் குடுங்க.”

சிறிது நேரம் தண்ணீர் படகில் தட்டும் சத்தம் மட்டும். பிறகு இடப்பக்கம், லாரி டயரில் காற்றை மொத்தமாகத் திறந்துவிட்டதுபோல ஒரு மூச்சு. திரும்பினேன். நீராவித் தூண், அதன்பின் நீண்டுகொண்டே போகும் முதுகு, கடைசியில் ஒரு வால். அவ்வளவுதான். மறுபடி மேலே வர நிமிடக்கணக்கில் ஆகும். அது எங்கே வரும் என்று சொல்லவும் முடியாது.

வானொலியில் வேலை பார்க்கும் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. பகல் வெளிச்சத்தில், அமைதியான கடலில், இவ்வளவு பக்கத்திலேயே இப்படித் தப்பிவிடும் ஒரு விலங்கு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? பதில் என் தொழிலிலேயே இருந்தது. ஒலிப்பதிவுதான்.

நூறு ஹெர்ட்ஸில் ஒரு குரல்

1980களின் தொடக்கத்தில் ‘டியூலிப்’ என்ற பாய்மரப் படகில் ஆய்வாளர்கள் சிலர் இலங்கைக் கடலுக்கு வந்தார்கள். அந்தக் காலகட்டத்தில் திருகோணமலைக்கு அப்பால் பதிவான நீலத் திமிங்கிலப் பாட்டை, ஆய்வுலகம் இன்று ‘இலங்கைப் பாட்டு’ என்றே அழைக்கிறது.

அதில் மூன்று பகுதிகள். முதலாவது தாழ்ந்த உறுமல். கைப்பேசியில் கேட்டால் காதில் விழாது, நல்ல ஹெட்போன் வேண்டும். இரண்டாவது, கீழிருந்து மேலே ஏறும் சிறு இழுப்பு. மூன்றாவதுதான் அடையாளம்: ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸில், 20 முதல் 30 வினாடி வரை நீளும் ஒரே சுரம். ஆண் அறிவிப்பாளர் ஒருவர் தாழ்ந்த குரலில் செய்தி வாசிக்கும்போது அவர் குரலின் அடித்தளம் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கும். சில நிமிட இடைவெளிவிட்டு அதே மூன்று பகுதிகள் மறுபடி வரும். பாடுபவை ஆண் திமிங்கிலங்கள் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

முக்கியமான விஷயம், இந்தப் பாட்டு கூட்டத்துக்குக் கூட்டம் வேறுபடுகிறது. மடகாஸ்கர் பக்கத்துத் திமிங்கிலம் பாடுவது வேறு, மேற்கு ஆஸ்திரேலியாவில் பாடுவது வேறு. யாழ்ப்பாணத்தாரையும் மதுரைக்காரரையும் இரண்டே வாக்கியத்தில் நாம் பிரித்துவிடுவதுபோல, ஆய்வாளர்கள் பாட்டைக் கேட்டே கூட்டத்தைச் சொல்லிவிடுகிறார்கள். எந்த இடத்தில், எந்த மாதத்தில் எந்தப் பாட்டு கேட்கிறது என்று ஆண்டுக்கணக்கில் குறித்துக்கொண்டே வந்தால், அதுவே அவற்றின் பயண வரைபடம்.

அணுகுண்டுக்கு வைத்த காது

இதற்குத் தேவை நீருக்கடியில் வைக்கும் ஒலிவாங்கி. தண்ணீர் ஒலிக்கு நல்ல சாலை. காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, கடலில் சுமார் 1,500 மீட்டர் போகிறது. சுபாங் ஜெயாவுக்கும் துறைமுகத்துக்கும் இடையே நேர்கோட்டில் இருப்பது தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்தை ஒலி 15 வினாடி போலக் கடந்துவிடும். தாழ்ந்த சுரங்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும்.

இந்தியப் பெருங்கடலின் நடுவே டியேகோ கார்சியா தீவையொட்டி இப்படிப்பட்ட ஒலிவாங்கிகள் இருக்கின்றன. அவற்றை வைத்தது திமிங்கிலத்துக்காக அல்ல. 1996இல் கையெழுத்துக்கு வந்த அணுவெடிச் சோதனைத் தடை உடன்படிக்கைக்காக, யாராவது கடலுக்கடியில் இரகசியமாகக் குண்டு வெடிக்கிறார்களா என்று இரவு பகலாகக் கேட்கும் காதுகள் அவை. மலேசியர்களுக்கு இந்த வலையமைப்போடு வேதனையான ஒரு தொடர்பும் உண்டு. 2014 மார்ச் 8ஆம் தேதி எம்எச்370 காணாமல்போன பிறகு, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு முனையில் உள்ள இதன் இன்னொரு நிலையத்தின் பதிவுகளையும் ஆய்வாளர்கள் துழாவிப் பார்த்தார்கள். தெளிவான விடை கிடைக்கவில்லை.

ஆனால் திமிங்கிலங்களைப் பற்றி அந்தக் காதுகள் நிறையச் சொல்லியிருக்கின்றன. ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பதிவுகளைக் கேட்ட ஆய்வாளர்கள், 2021இல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். சாகோஸ் தீவுகளை மையமாகக் கொண்டு, அதுவரை தனிக்கூட்டம் என்று அறியப்படாத நீலத் திமிங்கிலங்கள் இருக்கலாம். வடக்கே இலங்கைக் கரை, கிழக்கே ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரை வரை அவற்றின் பாட்டு கேட்டிருக்கிறது. இத்தனை பெரிய உயிரினத்தின் ஒரு கூட்டத்தையே முதலில் காதுதான் கண்டுபிடித்தது.

லட்சத்தீவுகளில் திவ்யா பணிக்கர் என்ற ஆய்வாளரும் இதையே செய்தார். 2018 இறுதியிலிருந்து சுமார் ஓராண்டு, கவரத்தித் தீவருகே கடலடியில் பதிவுக்கருவிகளை வைத்தார். அதிலும் கேட்டது இலங்கைப் பாட்டு; தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில் அதிகம்.

மற்ற பெருங்கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் கோடையில் துருவப் பக்கம் போய் உண்டு, குளிர்காலத்தில் வெதுவெதுப்பான நீருக்குத் திரும்பும். இலங்கைப் பக்கத்தவை அப்படி இல்லை, ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே தங்குகின்றன என்பதை எடுத்துச் சொன்னவர்களில் இலங்கை விஞ்ஞானி ஆஷா டி வோஸ் முக்கியமானவர். இவை பருவக்காற்றோடு கிழக்கும் மேற்குமாக நகர்வதாக ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். கடாரத்துக்குப் பாய்மரம் விரித்து வந்த நம் முன்னோர்களும் அதே காற்றைப் பார்த்துத்தானே புறப்பட்டார்கள்!

மாமா கேட்ட கேள்வி

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்ற என் மாமா போர்ட் கிள்ளானில் இருக்கிறார். சென்ற மாதம் அவர் வீட்டுக்குப் போனபோது இந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன்.

“நம்ம பக்கம் ஏதும்மா திமிங்கிலம்?” என்றார் முதலில். 1892இல் மலாக்கா அருகே ஒன்று கரையொதுங்கியதையும், அதன் எலும்புக்கூடு பல ஆண்டுகள் சிங்கப்பூர் அருங்காட்சியகத்தில் தொங்கிவிட்டு 1974இல் நம் தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்ததையும் சொன்னேன். இப்போது அது லாபுவானில் இருக்கிறது.

ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். “இது கப்பல் எஞ்சின் மாதிரியே இருக்கே. அப்போ நம்ம கப்பல் சத்தத்துல இதுங்களுக்கு ஒன்னோட குரல் ஒன்னுக்குக் கேக்குமா?”

கடலோசை பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். கப்பல்களின் இரைச்சலும் இதே தாழ்ந்த சுரங்களில்தான் பரவுகிறது. இன்னொரு புதிரும் இருக்கிறது. இலங்கைப் பாட்டின் அந்த நீண்ட சுரம், 2002இல் சுமார் 106.5 ஹெர்ட்ஸாக இருந்து 2013இல் 100.7 ஹெர்ட்ஸாக இறங்கிவிட்டது. கப்பல் இரைச்சலுக்காகத்தான் சுருதியை மாற்றுகின்றனவோ என்று சோதித்தார்கள். அந்த ஆண்டுகளில் அந்தச் சுரங்களில் கடலின் பின்னணி ஓசை கூடவில்லை என்று பதிவுகள் காட்டின. ஆகவே சுருதி இறங்கியதற்குக் கப்பலைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் கப்பல் மோதுவது வேறு விஷயம். தெய்வேந்திர முனைக்குத் தெற்கே உலகின் நெரிசல் மிகுந்த கப்பல் பாதைகளில் ஒன்று, திமிங்கிலங்கள் உண்ணும் இடத்தின் நடுவே போகிறது. அடிபட்டு இறந்த திமிங்கிலங்கள் கரையொதுங்கியிருக்கின்றன. ஒன்று கப்பலின் முன்முனையில் மாட்டிக்கொண்டு கொழும்புத் துறைமுகம் வரை வந்தது. பாதையை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் அபாயம் 95 விழுக்காடு குறையும் என்று ஆய்வு சொன்னது. அரசாங்க முடிவுக்குக் காத்திராமல், 2022இல் எம்எஸ்சி கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே விலகிப் போகச் சொன்னது.

15 கடல் மைல் என்றால் சுமார் 28 கிலோமீட்டர். “நீ வீட்டுலேருந்து இங்க வந்த தூரம்தானே!” என்றார் மாமா. 2023இல் கிள்ளான் துறைமுகம் கையாண்டது, இருபதடிக் கொள்கலன் கணக்கில் 1 கோடியே 40 லட்சம். நம் வீட்டுக்கு வரும் பொருள்களில் சில, அந்தப் பாதையில் வந்தவைதான். அவ்வளவு தூரம் விலகிப் போவதால் நம் சாமான் ஒரு நாள்கூடத் தாமதமாகாது.

பள்ளி விடுமுறைக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. திருகோணமலையில் திமிங்கிலம் பார்க்க மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பொருத்தமான காலம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை என்றால் தெற்கே மிரிஸ்ஸ. படகு பேசும்போது, விலங்கைத் துரத்தாமல் தள்ளி நிற்பவரா என்று விசாரியுங்கள். நடுக்கடலில் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். அந்த மூச்சுச் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறதோ, அந்தப் பக்கம் திரும்பினால் போதும்.