நீர்க்கட்டி என்றொரு சொல்

தொல்காப்பியக் கற்பியலில் பூப்பு பற்றி வரும் நூற்பாவை ஆண்டுதோறும் நடத்துகிறேன். பூப்பு என்றால் அங்கே மாதவிலக்கு. பரத்தையிற் பிரிந்த தலைவனும் பூப்புக்குப் பின் பன்னிரண்டு நாள் தலைவியைப் பிரிந்திருத்தல் ஆகாது என்பது விதி. உரைகாரர் அதைக் கருவுறுதலோடு சேர்த்து விளக்குவர். மாணவியர் தலைகுனிந்து குறிப்பெடுப்பார்கள். அவர்களுள் ஒருத்திக்கு நான்கு மாதங்களாக விலக்கே வரவில்லை என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

சென்ற ஆடியில் அவளும் அவள் தாயாரும் திருவரங்கத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். மஞ்சள் பைக்குள் சுருட்டிய ஸ்கேன் அறிக்கை. “ரெண்டு பக்கமும் நீர்க்கட்டியாம் மேடம். வெளியில தெரிஞ்சா யாரு பொண்ணு கேப்பா?” கணவரிடம்கூடச் சொல்லவில்லையாம். வரும் வழியில் மலைக்கோட்டை ஏறித் தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொண்டு வந்திருந்தார். சுகப்பிரசவத்துக்கான நேர்த்தி அது. பெண்ணுக்கு வயது பதினெட்டு; வரன்கூட இன்னும் பார்க்கவில்லை.

எனக்கு அந்தச் சொல்தான் உறுத்தியது. கட்டி என்றால் நம் ஊரில் ஒன்று அறுக்க வேண்டும், இல்லையேல் அது புற்று. ஸ்கேனில் தெரிபவையோ முட்டை முதிராமல் பாதியில் நின்றுவிட்ட நுண்பைகள். 1935இல் சிகாகோவில் ஸ்டெய்ன், லெவெந்தால் என்னும் இருவர் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். சினைப்பையின் பெயரால் நோய் அறியப்பட்டது. சிக்கலோ உடல் முழுவதற்குமானது. பலரிடம் இன்சுலின் மிகுகிறது; சினைப்பை ஆன்ட்ரோஜனைக் கூடுதலாகச் சுரக்கிறது; முட்டை வெளிவருவது தடைப்பட்டு விலக்கு தள்ளிப்போகிறது. பருவும் முகத்தில் ரோமமும் அதன் விளைவுகள். நூறு பெண்களில் 10 முதல் 13 பேருக்கு இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் வகுப்பில் அறுபது பேர்.

இன்னொன்றையும் சொன்னேன். பூப்பெய்திய எட்டு ஆண்டுகளுக்குள் ஸ்கேனைக் கொண்டு இந்நோயை உறுதிசெய்யக் கூடாது என்கிறது 2023இன் பன்னாட்டு மருத்துவ வழிகாட்டி. இளம்பெண்களின் சினைப்பை இயல்பாகவே அப்படித் தோன்றக்கூடும். தைராய்டு கோளாறாலும் விலக்கு தள்ளிப்போகலாம். ஆகவே மகப்பேறு மருத்துவரை நேரில் பார்த்து இரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள் என்றேன்.

தாயார் கேட்டது ஒன்றுதான்: “கொழந்த பொறக்குமா?”

நோய் இருந்தாலும் பலருக்குப் பிறக்கிறது, மருந்தும் உண்டு என்றேன். என் இருபதாம் வயதில் என் அம்மாவும் “கல்யாணமானா எல்லாம் சரியாயிடும்” என்றாள். எனக்கு இரண்டு பிள்ளைகள். முப்பத்தொன்பதில் சர்க்கரை வந்தது. இந்நோய் உள்ளவர்களுக்கு அது வர வாய்ப்பு அதிகம் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பிள்ளை பிறந்ததோடு எல்லோருக்கும் கேள்வி தீர்ந்துவிட்டது.

தாயார் காப்பித் தம்ளரைக் கழுவ உள்ளே போனார். நான்கு மாதம் ஏன் சொல்லவில்லை என்று பெண்ணிடம் கேட்டேன். அவள் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“வராம இருந்தது நிம்மதியா இருந்துச்சு மேடம். மூணு நாள் பின்கட்டுல தனியா ஒக்கார வேண்டாம்ல.”