சிரிப்பும் ஒரு பொறுமையே

நம் இல்லங்களில் புற்றுநோய்க்குப் பெயர் கிடையாது. 'அந்த நோய்' என்பார்கள். குரலைத் தாழ்த்திக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். உள்ளே படுத்திருப்பவருக்கோ எல்லாம் தெரியும். தமக்குத் தெரியும் என்பது பிறருக்குத் தெரிந்துவிடலாகாதே என்று அவரும் கண்களை மூடிக் கிடப்பார். ஒருவரையொருவர் காப்பதாக எண்ணி, ஒருவரையொருவர் தனிமையில் தள்ளிவிடுகின்றனர்.

நாமும் இப்போது அந்த அறையில்தான் இருக்கிறோம். கணையம் வயிற்றின் பின்புறம் ஒளிந்திருக்கும் உறுப்பு. அங்கு தோன்றும் கட்டி பெரும்பாலும் முற்றிய பின்னரே தன்னை வெளிக்காட்டும். நமக்கும் அப்படியே. கல்லீரலுக்கும் பரவிவிட்டது, அறுவைக்கு இடமில்லை என்றார் மருத்துவர். "எவ்வளவு காலம்?" என்றோம். "மாதக் கணக்கில்தான் சொல்ல முடியும்" என்றார். "அப்படியானால் பத்திரிகைகளுக்கு ஆண்டுச் சந்தா கட்ட வேண்டாம் என்கிறீர்கள்!" என்றோம். அவர் ஒரு கணம் திகைத்து, பின் சிரித்துவிட்டார். உடன் வந்த மகன் சிரிக்கவில்லை. "வாப்பா, இதிலுமா விளையாட்டு?" என்று கேட்டான்.

கேள்வி நியாயமானது. மரணத்தை எதிர்நோக்கும் முஃமினுக்குச் சிரிப்பு தகுமா?

தமக்குச் சுவனம் கிட்ட துஆச் செய்யுமாறு வேண்டி வந்த மூதாட்டியிடம், முதியவள் எவளும் சுவனம் புகமாட்டாள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதையும், அவர் அழுது திரும்பியபோது, முதுமை நீங்கி இளமையோடுதான் புகுவார் எனத் தெரிவிக்கச் செய்ததையும் இமாம் திர்மிதீ தம் ஷமாயில் நூலில் பதிந்துள்ளார். மறுமையைப் பற்றிய பேச்சிலேயே நகைச்சுவை! ஆனால் அதில் பொய் இல்லை. அதுவே நமக்கு அளவுகோல். 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்னும் ஆறுதல் பொய். உண்மையைச் சொல்லிச் சிரிப்பது பொய்யன்று.

மலையாள நகைச்சுவை நடிகர் இன்னசென்ட் 2012ஆம் ஆண்டு புற்றுநோய்க்கு ஆளானார். அந்த நாட்களைப் பற்றி அவர் எழுதிய நூலுக்கு, புற்றுநோய் வார்டில் ஒரு சிரிப்பு என்று பொருள்படத் தலைப்பிட்டார். அவருடைய மனைவிக்கும் அந்நோய் வந்தது. 2014இல் சாலக்குடித் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 2023 மார்ச்சில் மறைந்தார்.

அமெரிக்க அறிவியலறிஞர் ஸ்டீஃபன் ஜே கோல்டின் கதை வேறு விதமானது. 1982இல் வயிற்று உறையில் அரிய புற்றுநோய் கண்டு, நூலகத்தில் தேடினார். கண்டறிந்தபின் ஆயுளின் நடு எண் எட்டு மாதங்கள் என்றிருந்தது. நடு எண் என்றால் பாதிப் பேர் அதற்குள், பாதிப் பேர் அதற்கப்பால். அப்பால் நிற்போரின் வரிசை நெடுந்தூரம் நீளலாம் என்று அவர் கணக்கிட்டார். இருபதாண்டுகள் வாழ்ந்து, 2002இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார். நமக்கும் அப்படியே நேரும் என்று நாம் கூறவில்லை. எண் கூட்டத்திற்கு உரியது. தனியொருவரின் அஜல் அல்லாஹ்விடம் உள்ளது.

சிரிப்பு வலியைப் போக்காது. நள்ளிரவில் வயிறு முறுக்கும்போது எந்த வேடிக்கையும் கைகொடுப்பதில்லை. அப்போது மார்பின் மாத்திரையும், மனைவியின் கையும், நாவில் திக்ரும்தான் துணை. நோய் விசாரிக்க வந்த ஒருவர் இதே நோயில் மௌத்தானவர்களின் பெயர்களை வரிசையாக ஒப்பித்தார். "கடைசியில் ஓர் இடம் காலியாக வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டோம். நோயாளியிடம் சென்றால், கவலை வேண்டாம், இது பாவத்தைக் கழுவும் என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்வார்கள். நம்மவரும் அந்த அளவோடு நிறுத்திக்கொண்டால் நலம்.

ஆயினும் சிரிப்பு ஒன்றைச் செய்தது: சாத்திய கதவைத் திறந்தது. கொடுக்க வேண்டிய கடன்களைக் குறிப்பேட்டில் எழுதினோம். வாரிசல்லாத ஏழை உறவினருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் வஸிய்யத் எழுதினோம். மையவாடியில் வேப்பமர நிழலில் இடம் கிடைத்தால் நல்லது என்றோம். அதுவரை தலை கவிழ்ந்திருந்த மனைவி நிமிர்ந்து, "அங்கே போயும் உங்களுக்கு நிழல் வேணுமாக்கும்!" என்றார். மகன் வாய்விட்டுச் சிரித்தான், பிறகு அழுதான். எங்களுக்குள் ஒளிக்க எதுவும் மிஞ்சவில்லை.

துன்பம் தாளாமல் மரணத்தை வேண்டலாகாது என்பது நபிமொழி. நாம் அதை வேண்டவில்லை. அது வரும் வழியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. உங்கள் இல்லத்திலும் இத்தகைய அறை ஒன்று இருக்குமாயின், கதவைத் திறந்துவிடுங்கள். நோயைப் பெயர் சொல்லிப் பேசுங்கள். நமக்காகவும் துஆச் செய்யுங்கள். அது ஷிஃபாவாக வந்தாலும், அழகிய முடிவாக வந்தாலும், நமக்கு நன்மையே.