குழவியோடு விளையாடல்

பெரம்பலூர் ஜில்லாவிலே, பச்சைமலையை அடுத்துள்ள அரும்பாவூர் மரச்சிற்பத்திற்குப் பேர்போனது. அவ்வூரார் கைத்திறனுக்கு 2020-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடும் கிடைத்தது. அச்சிற்பங்களைக் காண வேண்டியே யாம் அங்குச் சென்றோம். ஆயினும் எம் மனத்தில் ஆழப் பதிந்தது பிறிதொன்று.

ஒரு வீட்டுத் திண்ணையில் இளைஞர் ஒருவர் உளியும் கையுமாய் இருந்தார். அருகே அவர் மனைவியின் மடியில் ஆறு திங்கட் குழவி. கொட்டாப்புளியின் ஓசை எழுந்தோறும் அது தந்தையையே நோக்கிற்று. குழந்தையோடு பேசுவதுண்டோ என வினவினோம். “அதற்கு என்ன ஐயா தெரியும்? பேச்சு வரட்டும், பேசலாம்” என்றார் நாணத்தோடு.

இஃது அன்பின் குறைவன்று. குழவியைக் கொஞ்சுதல் பாட்டியர் வேலை என்று ஆடவர் பலர் எண்ணியிருக்கின்றனர். அப்பாட்டியோ இக்காலத்து வேறோர் ஊரில் இருக்கிறாள். தனித்து நின்ற தாய் அடுப்பையும் பார்த்து, அழுகையையும் அடக்க வேண்டிக் கைப்பேசியை எடுத்து நீட்டுகிறாள். அவளைக் குறை கூற எமக்கு மனம் வரவில்லை.

நிற்க. நம் முன்னோர் இவ்விஷயத்தை நன்கறிந்தவரே. பிள்ளைத்தமிழ் நூலார் ஐந்தாந் திங்களிற் செங்கீரையும், ஒன்பதாந் திங்களிற் சப்பாணியும் வைத்துப் பாடியது, குழவி தலையெடுத்து ஆடுவதையும் கைகொட்டுவதையும் உற்றுநோக்கிய கண்களாலன்றோ? சப்பாணி கொட்ட எதிரே ஒருவர் வேண்டும். அம்புலியைக் காட்டவும் ஒரு விரல் வேண்டும்.

இவ்வுண்மையை ஜமைக்காத் தீவில் ஆராய்ந்தும் பார்த்தனர். 1986-ஆம் ஆண்டளவிற் கிங்ஸ்டன் நகரில், உடல்வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைத் தெரிந்தெடுத்து, அவர்களுட் சிலர் இல்லங்களுக்குச் சுகாதார ஊழியர் வாரமொருமுறை, இரண்டாண்டுகள் சென்றுவந்தனர். வீட்டிற் கிடைத்த பொருள்களாற் செய்த விளையாட்டுக் கருவிகளைக் கொண்டு, தாய்மாரே குழந்தைகளோடு ஆடும்படி பழக்கினர். இருபது ஆண்டுகள் கழித்து நோக்கியபோது, அவ்வாறு விளையாடப்பெற்றோர் ஏனையோரினும் ஏறத்தாழ நூற்றுக்கு 25 பங்கு மிகுதியாகப் பொருளீட்டினர். விளையாட்டை வீண்பொழுதென்பார் இதனைச் சிந்திப்பாராக.

அன்று அத்திண்ணைக்கு அங்கன்வாடி அம்மையார் ஒருவரும் வந்தார். உபதேசம் ஏதும் செய்தாரில்லை. குழந்தையைத் தாய் மடியினின்று வாங்கவுமில்லை. “தம்பி, அந்தத் துண்டால் முகத்தை மூடித் திறந்து காட்டுங்கள்” என்றார். அவர் தயங்கித் தயங்கி அவ்வாறே செய்ய, குழவி கலகலவென நகைத்தது. உளி கீழே கிடந்தது. துண்டு பத்துமுறையேனும் ஏறி இறங்கியிருக்கும். பின்னர்க் குழவி “ஆ” என, அம்மையார் தாயை நோக்கி, “நீங்களும் அப்படியே சொல்லிவிட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள்” என்றார். இப்பொறுத்தலே பெரியோர்க்கு அரிது. நாம் மறுமொழிக்குக் காத்திராமற் பேசிப் பழகியவர்கள். தாய் காத்திருந்தாள். குழவி மறுபடியும் “ஆ” என்றது.

கிலுகிலுப்பை ஒன்று கடைந்து தரலாமோ எனத் தந்தை கேட்டார். வாய்க்குள் அடங்காத அளவினதாய், சிலாம்பு இன்றி இழைத்து, வர்ணம் பூசாது கொடுக்கலாம் என்றார் அம்மையார்.

அங்கன்வாடிகள் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய திட்டத்தின் வழி வந்தவை. பிறந்தது முதல் மூன்றாண்டு வரையுள்ள குழந்தைகளோடு வீட்டார் ஆடத்தக்க விளையாட்டுக்களைத் தொகுத்து, இந்திய அரசாங்கத்தார் 2024-இல் ‘நவசேதனா’ என்னும் வழிகாட்டி நூலையும் வெளியிட்டனர். நன்றே. ஆயினும் எடை பார்த்தல், உணவளித்தல், கணக்குப் பதிதல் ஆகிய யாவும் அவ்வொருவர் தலைமேலன்றோ இருக்கின்றன! சேவை முகாமுக்குக் கிராமஞ் செல்லும் நம் மாணவர், மரக்கன்று நடுவதோடு நில்லாது, உதவியாளருடனிருந்து அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வாராயின், அவ்வம்மையார் அன்று இன்னும் இரண்டு திண்ணைகளுக்குச் சென்று வரலாம்.