பிடித்த கை

ஆசிரியத் தொழிலுக்கு வருவோர் முதலில் பழகிக்கொள்வது, பிள்ளையின் கையைப் பிடித்து எழுத வைப்பது. அந்தக் கையை எப்போது விடவேண்டும் என்பது அவ்வளவு எளிதில் கைவருவதில்லை. எனக்கு அதனைக் கற்பித்தவர், திருவரங்கத்தில் பூத்தொடுத்துப் பிழைக்கும் ஒரு தாய்.

அனைவருக்கும் கல்வி இயக்கத்தின்கீழ் சிறப்புப் பயிற்றுநராகத் தொகுப்பூதியத்தில் நான் சேர்ந்தபோது, எங்கள் உறவினர் பலருக்கு அது என்ன வேலை என்றே விளங்கவில்லை. "படித்த படிப்புக்கு வேறு வேலை கிடைக்கவில்லையா?" என்று கேட்டவர்களும் உண்டு. என் அத்தா மட்டும், "பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறதுல பெரிசு சிறிசு என்னம்மா?" என்றார்கள். அந்தச் சொல்லைத் துணையாகக் கொண்டு, சத்திரம் பேருந்து நிலையத்தில் பேருந்து ஏறிக் காவிரிப் பாலத்தைக் கடந்து போய்வரலானேன். வாரத்தில் நாளுக்கொரு பள்ளி. திருவரங்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றும் என் பொறுப்பில் இருந்தது.

2008ஆம் ஆண்டில் அப்பள்ளியின் மூன்றாம் வகுப்பில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அறிவுசார் குறைபாடு உடையவன். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே ஒருநாளும் தவறாமல் வருகை குறிக்கப்பட்டிருந்தது. கடைசி வரிசையில், சுவரோரம் அவன் இடம். மற்ற பிள்ளைகள் பாடம் படிக்கும்போது அவன் சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். பள்ளியில் அவன் இருந்தான். பள்ளிக்கும் அவனுக்கும் அதற்குமேல் தொடர்பில்லை.

பார்வையிட அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்று ஒருநாள் செய்தி வந்தது. அவன் குறிப்பேட்டில் காட்டுவதற்கு ஏதேனும் இருக்கவேண்டுமே என்ற கவலை என்னைப் பற்றிக்கொண்டது. அவன் விரல்களுக்கிடையே பென்சிலை வைத்து, அவற்றின்மேல் என் கையை வைத்து, ஒரு பக்கம் முழுவதும் அகரம் எழுதினேன். வந்தவர்கள் மகிழ்ந்தார்கள், பாராட்டினார்கள். நானும் அப்பாராட்டை ஏற்றுக்கொண்டேன்.

மாலையில் மகனை அழைத்துச்செல்ல வந்த தாயிடம் குறிப்பேட்டைப் பெருமையுடன் நீட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"இது அவன் எழுதுனதா டீச்சர், நீங்க எழுதுனதா?"

"இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம்" என்றேன்.

"நீங்க வராத நாள்ல அவன் என்ன பண்ணுவான்?"

அக்கேள்வியில் சினம் இல்லை. அறிந்துகொள்ளும் விருப்பமே இருந்தது. அதனாலேயே அது என்னை வாட்டியது. அவரே தொடர்ந்து சொன்னார்: "அவன் பேரு எழுத வேண்டாம் டீச்சர். பள்ளிக்கூடம் விட்டா தானா வீடு வந்து சேந்தாப் போதும். பூவைப் போட்டுட்டு நான் தினமும் ஓடி வரவேண்டியிருக்கு. போன மாசம் வழி தவறிப் போயி, ராத்திரி அம்மா மண்டபத்துப் படித்துறையில உக்காந்திருந்தான்."

அம்மா மண்டபத்துப் படித்துறைக்குக் கீழே காவிரி ஓடுகிறது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

திருவரங்கத்தை அறிந்தவர்களுக்கு இதன் கடுமை விளங்கும். கோயிலை நடுவில் வைத்து, உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளைஞ்சான் வீதி என ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சதுரமாய் அமைந்த ஊர் அது. ஒவ்வொரு வீதிக்கும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு பக்கங்கள். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டவன் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்வான். ஒரு வாசலைத் தவறிக் கடந்தவன் வேறொரு சுற்றில் நடந்துகொண்டிருப்பான். "கோபுரத்தைப் பார்த்து நட" என்று நான் அவனுக்குச் சொல்லிப் பார்த்தேன். 1987இல் கட்டி முடிக்கப்பட்ட இராசகோபுரம் 236 அடி உயரம். எத்திசையிலிருந்து பார்த்தாலும் தென்படுகிறது. எங்கிருந்தும் தெரிவதை வைத்து எந்தத் திருப்பத்தை அறிவது?

பயிற்சிக் காலத்தில் படித்த ஒரு முறை அப்போது நினைவுக்கு வந்தது. ஒரு செயலைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, கடைசிப் படியை முதலில் கற்பிப்பது. சட்டைப் பொத்தான் போடுவதில், பொத்தானைத் துளையில் நுழைக்கும் வரை ஆசிரியர் செய்துவிட்டு, இழுத்து முடிப்பதை மட்டும் பிள்ளைக்கு விடுவார். ஒவ்வொரு முறையும் வேலை பிள்ளையின் கையால் முடிவதால், வெற்றியின் சுவை அதற்குத் தெரிகிறது. பிறகு அதற்கு முந்திய படி. பிறகு அதற்கும் முந்தியது. உதவும் கையையும் இவ்வாறே விலக்க வேண்டும்: விரல்மேல் இருந்த கை மணிக்கட்டுக்கு வரவேண்டும், பின்னர் முழங்கைக்கு, பின்னர் தொடாமல் அருகில் நிற்க வேண்டும். நான் அகரம் எழுதிய அன்று செய்யத் தவறியது இதைத்தான்.

இத்தகைய முறைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரான்சு நாட்டில் 1800ஆம் ஆண்டையொட்டி, காட்டில் தனியே திரிந்த சிறுவன் ஒருவனை இட்டார் என்ற இளம் மருத்துவர் ஏற்றுப் பல ஆண்டுகள் கற்பித்தார். பேச்சை அவனுக்கு அவரால் தரமுடியவில்லை. ஆயினும் அவர் எழுதிவைத்தவை செகேனுக்கு வழிகாட்டின. இருவர் வழியையும் பின்பற்றி உரோமாபுரியில் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் மரியா மாண்டிசோரி. அங்கே கண்டவற்றையே 1907இல் ஏனைய குழந்தைகளுக்கும் அவர் பயன்படுத்தினார். அவ்வம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். எந்தப் பிள்ளைகளை உலகம் பயனற்றவர் என ஒதுக்கியதோ, அவர்களிடமிருந்தே மற்றப் பிள்ளைகளுக்கான கல்வி முறை பிறந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டாவா?

நடையையும் பின்னிருந்தே தொடங்கினேன். வடக்கு அடையவளைஞ்சான் வீதியிலிருந்து பிரியும் சந்தில் அவன் வீடு. முதல் வாரம் சந்து முனை வரை கையைப் பிடித்துச் சென்று, அங்கே விட்டேன். வாசலில் தாய் நின்றார், ஓடிப்போய்ச் சேர்ந்தான். அடுத்து, அதற்கு முந்திய திருப்பம். நான் வராத நாள்களில் தாயே அவ்விதம் செய்தார். இரண்டு மாதங்களில் பாதி வழிக்கு வந்தோம். பிடித்த கை விலகி, நான் பத்தடி பின்னால் நடந்தேன்; பிறகு இருபதடி.

ஒருநாள் அவன் திரும்பவேண்டிய முனையில் திரும்பாமல் நேரே போனான். கூவி அழைக்க வாய் துடித்தது, அடக்கிக்கொண்டேன். சிறிது தூரம் சென்று நின்றான், இங்குமங்கும் பார்த்தான், அழத் தொடங்கினான். ஓடிச்சென்று அணைத்துக்கொண்டேன். நாள்தோறும் திரும்புபவன் அன்று ஏன் தவறினான்? மறுநாள் அவ்விடத்தில் நின்றபோதுதான் புரிந்தது. முனையில் ஒரு மாவரைக்கும் இயந்திரம் இருந்தது. அதன் இரைச்சலைக் கேட்டே அவன் இத்தனை நாளும் திரும்பியிருக்கிறான். முந்தைய நாள் அந்நேரத்தில் மின்வெட்டு. நான் காட்டிய அடையாளங்கள் எவற்றையும் அவன் ஏற்கவில்லை. தனக்கென்று ஒன்றைத் தானே கண்டுபிடித்திருந்தான். அறிவில்லாதவன் என்று யாரைச் சொல்வது? அதன்பின், ஒலியோடு கண்ணுக்கும் ஓர் அடையாளமாக, அம்முனையிலிருந்த நீலநிறக் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பப் பழக்கினோம்.

ஆண்டிறுதித் தேர்வுக்கு முன், பள்ளி வாசலிலிருந்து வீடு வரை தனியே நடந்தான். தாய் அன்று பூக்கடையை விட்டு எழவில்லை. எழாமல் இருப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்று பின்னர் என்னிடம் சொல்லி அழுதார்.

சட்டங்கள் அன்று முதல் வளர்ந்துள்ளன. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்று, 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. தொடக்க நிலையில் இத்தகைய மாணவர் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் விகிதம் வகுத்தது. நாளுக்கொரு பள்ளியாக அலைந்தவள் என்ற முறையில் இவ்விகிதத்தின் அருமையை நான் அறிவேன். வாரத்துக்கொரு முறை வரும் ஆசிரியை பிள்ளையின் கையைப் பிடிக்க முடியும். விடுவதற்கு நாள்தோறும் அருகிலிருக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் ஏறுவது பிள்ளையைப் பள்ளி வாசலுக்குக் கொண்டுவருகிறது. அதற்கப்பால் நடத்திச்செல்வது ஆள்கள் செய்யவேண்டிய வேலை.

அவன் இன்று வளர்ந்த இளைஞன். தாயின் பூக்கூடையைச் சுமந்து அதே வீதிகளில் நடக்கிறான். தன் பெயரை எழுத அவனுக்கு இன்றும் வராது.

அந்தப் பழைய குறிப்பேட்டைத் தாயிடம் கேட்டுப் பெற்று வைத்திருக்கிறேன். புதிதாகப் பணிக்கு வரும் ஆசிரியைகளிடம் அதைக் காட்டுவதுண்டு. "எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறான்!" என்பார்கள். ஆம், அந்த அகரங்கள் அழகானவைதாம். அவை என்னுடையவை.