ஒருவர் இடத்தில் இருவர்: இந்தியன் ஓஷன் இசைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ராகுல் ராம், அமித் கிலம், ஹிமான்ஷு ஜோஷி, துஹீன் சக்ரவர்த்தி, நிகில் ராவ் அவர்களுக்கு,

அண்மையில் சென்னையில் ஒரு கல்லூரி விழாவில் நீங்கள் வாசித்தபோது கூட்டத்தில் நானும் இருந்தேன். பெரும்பாலும் இருபது வயதுப் பிள்ளைகள். தலை நரைத்த நாங்கள் சிலர் ஒலிக்கட்டுப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றோம். அங்கேதான் சத்தம் சரியாகக் கேட்கும். சாய்ந்துகொள்ளக் கம்பித் தடுப்பும் இருந்தது. உங்களை நான் கடைசியாகப் பார்த்தபோது மேடையில் நான்கு பேர். இப்போது ஐந்து பேர். அந்தக் கணக்கைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2000-களின் தொடக்கத்தில் வேலைக்காக டெல்லி வந்து, கரோல் பாகில் ஒரு பர்சாத்தியில், அதாவது மொட்டைமாடி அறையில், குடியிருந்தேன். கோடையில் அடுப்பு, குளிரில் ஐஸ் பெட்டி. ஆனால் வாடகை குறைவு, இட்லி கிடைக்கும் பேட்டை. அதே கரோல் பாகில், கஜூர் ரோடு 16/330 என்ற வீட்டில்தான் நீங்கள் பயிற்சி செய்துவந்தீர்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. எத்தனை முறை அந்தப் பக்கம் காய்கறிப் பையோடு போயிருப்பேனோ!

உங்களை முதலில் கேட்டது ஒரு ஜனவரி மாலை. புல்வெளி, ஜமக்காளம், காதை மூடிய குரங்குக் குல்லா. ராக் குழு என்று நண்பன் இழுத்துவந்திருந்தான். பாடகர் என்றால் மேடையில் குதிப்பார் என்று பார்த்தால், அசீம் சக்ரவர்த்தி தபலாவுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் தோலின்மேல், வாய் மைக்கில், கண் மூடியிருக்கிறது. நம்மூர்க் கச்சேரியில் பாடுகிறவர் தொடையில் தாளம் போடுவார், மிருதங்கக்காரர் வாய் திறக்கமாட்டார். இரண்டும் இரண்டு ஆள் வேலை என்றே எனக்குப் பழக்கம். இங்கே கை ஒரு நடையில் ஓட, குரல் அதை மதிக்காததுபோல நீண்டு இழுத்துப் போய், சரியாக வந்து சேர்ந்தது. அன்று 'கந்தீசா' பாடினீர்கள். கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தில் பாடும் சிரியாக் மொழித் துதி அது. என்னைச் சுற்றிப் பஞ்சாபிகள், வங்காளிகள், பீகாரிகள், நாங்கள் நான்கைந்து தமிழர்கள். ஒருவருக்கும் பொருள் தெரியாது. குல்லாவை மட்டும் எல்லோரும் கழற்றிவிட்டோம்.

பிறகு 'பந்தே' வந்தது. அந்தப் பாட்டு இடம்பெற்ற 'பிளாக் ஃப்ரைடே' படம் நீதிமன்றத்தில் மாட்டிக்கொண்டு 2007-இல்தான் திரைக்கு வந்தது. அதற்குள் பாட்டு ஊர் முழுக்கப் போய்விட்டிருந்தது. அதன் புகழைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

2009 டிசம்பர் 25-இல் அசீம் மறைந்தார். நான் அப்போது சென்னைக்குத் திரும்பிவிட்டேன். அடுத்த ஜூலையில் '16/330 கஜூர் ரோடு' தொகுப்பை மாதம் ஒரு பாட்டாக இணையத்தில் இலவசமாகத் தரத் தொடங்கினீர்கள். கேசட் கம்பெனியும் வேண்டாம், காசும் வேண்டாம் என்று. எல்லாம் அவர் இருந்தபோது பதிவானவை. ஏழு பாட்டுகள். காரியமெல்லாம் முடிந்த வீட்டுக்கு, போனவர் எழுதிப் போட்ட கடிதம் தபாலில் மெதுவாக வந்து சேர்வதைப் போல, அவர் குரல் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. அலுவலகக் கணினியில் இறக்கி, பென் டிரைவில் ஏற்றி, வீட்டுக்கு எடுத்துப் போவேன். நன்றி என்று சொல்ல வந்தால் முதல் நன்றி அதற்குத்தான்.

அதன்பின் உங்கள் மேடைப் பக்கம் நான் வரவில்லை. வேலை, குழந்தைகள், அப்பாவின் உடல்நிலை என்று காரணங்களுக்குக் குறைவில்லை. அசீம் இல்லாத மேடையைப் பார்க்க மனம் ஒப்பவில்லை என்பதும் அவற்றில் ஒன்று. பாடகர் போய்விட்டால் குழுக்கள் கடையை மூடும், இல்லாவிட்டால் அவரைப் போலவே பாடும் ஒருவரைப் பிடித்துவரும். கோயில் திருவிழா மெல்லிசைக் குழுவில் 'டி.எம்.எஸ். குரல்' என்று ஒருவரை அறிவிப்பார்களே, அப்போது அந்த மனிதருக்காக எனக்குச் சங்கடமாக இருக்கும். நன்றாகவே பாடுவார், அதுதான் சங்கடம்.

நீங்கள் இரண்டையும் செய்யவில்லை. ஒருவர் செய்த வேலையை இரண்டாகப் பிரித்து, பாட்டை ஹிமான்ஷுவிடமும் தபலாவைத் துஹீனிடமும் கொடுத்தீர்கள். இது எனக்குச் செய்தியாகத் தெரிந்ததுதான். நேரில் கேட்டபோதுதான் அதில் எத்தனை மரியாதை இருக்கிறது என்று உறைத்தது. ஹிமான்ஷு, எந்த இடத்திலும் நீங்கள் அசீமாக முயலவில்லை. 'கந்தீசா'வில் அவர் அடக்கி நிறுத்துகிற இடத்தில் நீங்கள் ராகமாக விரித்துக்கொண்டு போனீர்கள். துஹீன், பாடும் பொறுப்பு இல்லாததால் உங்கள் கை அசீம் மூச்சு வாங்கிய இடைவெளிகளிலும் புகுந்து ஓடியது. பழைய பதிவை மனப்பாடமாக வைத்திருப்பவர்களுக்கு அந்த இடங்கள் தெரியும். அங்கே மௌனம் இருந்தது. இப்போது தபலா இருக்கிறது.

கிடாரைப் பற்றி மட்டும் என் சாய்வு மாறவில்லை. கிடார் வாசித்த சுஷ்மித் சென் 2013-இல் விலகினார். 1990-இல் அசீமோடு குழுவைத் தொடங்கியவர். அவர் ஒற்றைச் சுரமாக மீட்டத் தொடங்கினாலே இது யார் என்று தெரிந்துவிடும். நிகில், உங்கள் வாசிப்பில் ராக் வாடை தூக்கல். பிள்ளைகள் அதற்குத்தான் ஆடினார்கள், ஆடவும் வேண்டும். 'டெசர்ட் ரெயின்' ஆரம்பித்தபோது மட்டும் என் காது பழையதைத் தேடியது. நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

நடுவில் அமித் டிரம்ஸிலிருந்து எழுந்து முன்னால் வந்து கப்குபியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வங்கத்துப் பாவுல் பாடகர்களின் வாத்தியம். தோல் கட்டிய சின்னக் குடுவை, தோலின் நடுவிலிருந்து வரும் நரம்பு, நரம்பின் நுனியில் விரல்களுக்குள் அடங்கும் ஒரு பிடி. இழுத்துப் பிடித்தால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். எனக்கு முன்னால் நின்ற பையன், "டேய், இது பேசுதுடா!" என்றான். பக்கத்திலிருந்தவன் படம் எடுப்பதை நிறுத்திவிட்டு எக்கிப் பார்த்தான்.

'மா ரேவா'வை நான் எதிர்பார்க்கவில்லை. ராகுல், கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் வாங்கிய நீங்கள், நர்மதை அணை எதிர்ப்பு இயக்கத்தோடு இருந்த காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து எடுத்துவந்த பாட்டு. ரேவா என்றால் நர்மதைதான். 'கந்தீசா' தொகுப்பில் அது வெளிவந்த 2000-ஆம் ஆண்டு அக்டோபரில்தான் அணை கட்டுவதைத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2017-இல் அந்தச் சர்தார் சரோவர் அணை 138.68 மீட்டர் உயரத்துடன் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. டெல்லிப் புல்வெளியில் நான் கேட்டபோது அது நடந்துகொண்டிருந்த சண்டையின் பாட்டு. இப்போது ஊர்கள் தண்ணீருக்கு அடியில். பாட்டை நீங்கள் சோகமாக்கவில்லை, வேகத்தையும் குறைக்கவில்லை. ஆற்றை வாழ்த்துகிற பாட்டை வாழ்த்தாகவே பாடினீர்கள், பிள்ளைகள் கைதட்டித் தாளம் போட்டார்கள். தோற்றுப்போன ஒரு வழக்கை இத்தனை ஆண்டு இப்படி மேடை மேடையாகத் தூக்கிக்கொண்டு வருவதற்கு, ராகுல், உங்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

ஒரு கோரிக்கையும் உண்டு. விழாக்காரர்கள் ஒன்றரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியதால், பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும் என்று 'கஜுராஹோ' விடுபட்டது. அடுத்த முறை சென்னைக்கு வரும்போது ஆறரைக்கே மேடை ஏறிவிடுங்கள். வரவேற்புரை, பொன்னாடை எதுவானாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஒலிக்கட்டுப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றவர்களில் ஒருவர்